பூட்டு மாட்டியாச்சு!

"டேய்... யாரோ பெல் அடிக்கறாங்கடா!"

போனில் அக்கா கிசுகிசுத்தாள்.

"திறக்காதக்கா! இரு, பார்க்கறேன்!"

தம்பி ஆபீஸ் சர்வர் ரூமில் இருந்தான். விரல்கள் கீபோர்டில் பறந்தன. அக்கா ஒளிந்திருக்கும் ஃப்ளாட்டின் வாசல், கேமரா வழியாகத் திரையில் விரிந்தது.

ஹெல்மெட். தோளில் தண்ணீர் கேன். முகம் தெரியவில்லை!

"கேன் சொல்லியிருந்தியா?"

"இல்லையே..."

நாளை கோர்ட். தன் கணவன்தான் தொழில் பார்ட்னரைக் கொன்றான் என்று சொல்லப்போகும் ஒரே சாட்சி, அக்கா! அவள் இருக்கும் இடம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவள், தம்பி, வக்கீல்.

கேமராவைத் தானும் வக்கீலும் மட்டும் பார்க்க, தன் சொந்த வெப்சைட் பெயரோடு ஒட்டிய தனி முகவரியில் காலையில்தான் ஒரு ரகசியப் பக்கம் அமைத்திருந்தான். முன்பெல்லாம் பாதுகாப்புச் சான்றிதழுக்கு அரை நாள் மல்லுக்கட்ட வேண்டும். இந்தப் புது சர்வரில் இரண்டே வரி! பக்கத்தின் பெயர் ஒன்று, கேமரா இருக்கும் இடம் ஒன்று. சர்வரே சான்றிதழ் நிறுவனத்திடம் போய் அதை வாங்கி, பக்கத்துக்குப் பூட்டும் மாட்டிவிடும்.

பெயர்?

கருவி எங்கே இருக்கிறதோ அந்த இடத்தையே பெயராக வைப்பது அவன் ஆபீஸ் வழக்கம். கை தானாக அடித்தது... அபார்ட்மென்ட் பெயர், கதவு எண்.

அதனாலென்ன? பாஸ்வேர்ட் இல்லாமல் ஈ, எறும்பு நுழையாது!

"டேய், வக்கீல் அனுப்பினாராம்டா!"

"நம்பாத!"

"நம்ம மூணு பேருக்குத்தானே இந்த இடம் தெரியும்? அப்ப அவர் ஆளாத்தான்..."

"அக்கா, வேணாம்!"

தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

திரையில், மாடிப்படி மறைவிலிருந்து இன்னொரு உருவம் பாய்ந்தது. அக்காவின் கணவன்!

ஓர் அலறல்... பாதியில் நின்றது. போன் கை மாறியது.

"என்ன மாப்ள, சௌக்கியமா?"

"மாமா... அவளை ஒண்ணும் பண்ணிடாதீங்க மாமா!"

"லேட்டு மாப்ள."



"அந்த வக்கீல்... காட்டிக் கொடுத்துட்டான்..."

"சேச்சே, அவர் தங்கம்! காட்டிக் கொடுத்தது நீ."

"நானா?!"

"சான்றிதழ் தர்றவங்க, யாருக்குத் தந்தோம்னு ஒவ்வொரு பேரையும் ஊரறிய வெளியிடுவாங்களாமே? அந்தப் பட்டியல்ல உன் வெப்சைட் பேரை ஒரு பையனைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். கதவு எண்ணோட வந்து நின்னுது!"

திரையின் மூலையில் பூட்டுப் படம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"பூட்டைக் குறை சொல்லல மாப்ள. எந்தக் கொம்பனாலும் உடைக்க முடியாதாம்..."

சிரிப்பு.

"அதான், பெல் அடிச்சோம்!"