போதாத துளி

"துளி போதாது" என்றது சுவரிலிருந்த துளிமானி. சிவப்பு விளக்கு எரிந்தது.

விரோனிக்கா நாக்கைச் சுழற்றிப் பார்த்தாள். எச்சில் ஊறவில்லை. நேற்றும் இதே சிவப்பு.

தூத்துக்குடியில் இப்போது பல் தேய்க்குமுன் எல்லோரும் செய்கிற வேலை இது. துளிமானியில் விரலை வைத்து, அதன் கிண்ணத்தில் துப்ப வேண்டும். நீரிழிவு முதல் புற்றுநோய் வரை அரை நிமிடத்தில் படித்துவிடும். பச்சை வந்தால்தான் துறைமுகத்தின் கதவு திறக்கும். அங்கே நாற்பது மீட்டர் உயரத்தில் அமர்ந்து கன்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுகிறவள் அவள். பதினோரு வருடம் கீழே நின்று கொக்கி மாட்டிவிட்டு, மேலே ஏறிய முதல் பெண்.

"நேத்து லீவு சொல்லியாச்சு. இன்னைக்கும் ஏறலன்னா அந்த சீட்டுல வேற ஆள உக்கார வச்சிருவாங்க."

அவள் கணவன் கஸ்பார் பள்ளி வேன் ஓட்டுபவன். சற்று யோசித்தான். எச்சில் யாருடையது என்று துளிமானி பார்க்காது. மரபணுவைத் தொடுவதை அந்தரங்கச் சட்டம் தடுத்திருந்தது. விரல் ரேகையை மட்டுமே அது நம்பும்.

"நீ விரல வையி. நான் துப்புதேன்."

"சீ, உங்க எச்சிலயா?"

"இருவது வருசமா என் தட்டுல மீன் எடுத்துத் திங்கியே, அப்பல்லாம் எச்சில் தெரியலையாட்டி?"

அவள் சிரித்தபடியே விரலை வைத்தாள். பச்சை எரிந்தது. அன்றிலிருந்து கஸ்பார் தனக்கும் அவளுக்குமாகத் தினமும் இரண்டு முறை துப்பினான்.

அவளுக்குச் சோறு தொண்டையில் இறங்கத் தண்ணீர் வேண்டியிருந்தது. கண்ணில் மணல் உறுத்துவதாகச் சொன்னாள். மேலே அடிக்கிற உப்புக் காற்று என்று இருவரும் முடிவு செய்துகொண்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து அவள் காதுக்குக் கீழே வீங்கியது. பொன்னுக்கு வீங்கி என்றார்கள் அக்கம்பக்கத்தில். அதற்குத் தங்கம் போட்டால் வாடும் என்று கஸ்பார் தன் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டான்.

"பெரிசா ஒண்ணும் இருக்காது. பச்சைதான வருது" என்றான்.

அந்தப் பச்சை யாருடையது என்பது அதற்குள் இருவருக்குமே மறந்து போயிருந்தது.

நாலு மாதமாகியும் வீக்கம் வாடவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் முத்தரசி ஸ்கேனுக்கு முன் சங்கிலியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். பிறகு நிதானமாக விளக்கினார். உடம்பின் காவல் அணுக்களே உமிழ்நீர்ச் சுரப்பியைப் பகை என்று நினைத்துத் தாக்கியிருக்கின்றன. சுரப்பி அழன்று, வற்றி, வருடக்கணக்கில் அங்கே கூடிநின்ற அணுக்களில் ஒன்று தறிகெட்டுப் புற்றாகியிருக்கிறது. இப்போது எலும்பு வரை போய்விட்டது.

அவர் துளிமானியின் பதிவேட்டைப் புரட்டினார். "ரெண்டு வருஷமும் பச்சை. மெஷின் எப்படித் தவறவிட்டுச்சு?"

கஸ்பார் தரையைப் பார்த்தான். விரோனிக்கா அவன் கையை அழுத்திப் பிடித்தாள்.

"மெஷின்தான டாக்டர். அதுல என்னமும் கோளாறு இருக்கும்."

ஏழாவது வாரம் அவள் இறந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை கஸ்பார் துளிமானி முன்னால் நின்றான். வாய் காய்ந்து கிடந்தது. "துளி போதாது." அடுத்த நாளும் சிவப்பு. அவனுக்காகத் துப்ப வீட்டில் யாரும் இல்லை.

மூன்றாம் நாளும் சிவப்பு எரிந்தது. சிறிது நேரத்தில் போன் அடித்தது. சுகாதார நிலையத்திலிருந்து ஓர் இளம்பெண்.

"கஸ்பார் அண்ணாச்சியா? மூணு நாளா உங்களுக்குச் சிவப்பு வந்திருக்கு."

"வேன் ஓட்ட விடமாட்டீங்களோ?"

"அதுக்குக் கூப்பிடல அண்ணாச்சி. வாய் வறளுறதே சில நோய்க்கு அடையாளம். மூணு நாள் விடாம சிவப்பு வந்தா நாங்களே கூப்பிட்டுப் பாத்திருவோம். ஆரம்பத்துலயே பிடிச்சா பயமில்ல. இன்னைக்கு வாரீங்களா?"

கஸ்பார் துளிமானியின் சிவப்பு விளக்கைப் பார்த்தான்.

"ரெண்டு நாளு" என்றான்.

"என்ன அண்ணாச்சி?"

"அவளுக்கு ரெண்டு நாள்தான் வந்துச்சு."