கழுவி வைத்த பொறி

அன்று காலை ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து எலிப்பொறியை மெல்ல நகர்த்தி எடுத்தபோது அது ஈரமாக இருந்தது.

தண்ணீர் பட்ட ஈரம் இல்லை. சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசி, உதறிவிட்டு வைத்த ஈரம். பலகையில் இருந்த பழுப்புக் கறை போயிருந்தது. வில் இழுத்துப் பூட்டியிருந்தது. இரை வைக்கிற தகட்டில் வெளிர் நிறத்தில், குழைந்த ஏதோ ஒன்று அப்பியிருந்தது. அவன் வைத்துவிட்டுப் போனது காய்ந்த கேக் துண்டு. இது பாலில் ஊறிய ரொட்டியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். நாள் முழுக்கப் பேருந்து ஓட்டுகிற மனைவிக்கு இவ்வளவு பொறுமையா என்று ஆச்சரியமும் பட்டான்.

அவனுக்குப் பேக்கரியில் அடுப்பு வேலை. சாயங்காலம் ஏழரைக்கு உள்ளே போனால் காலை ஆறு மணிக்குத்தான் வெளிக்காற்று. மனைவி நகரப் பேருந்து ஓட்டுநர். இவன் வந்து செருப்பைக் கழற்றும் நேரத்தில் அவள் ஷூவை மாட்டிக்கொண்டிருப்பாள். நடுவே இருபது நிமிடம். சாயங்காலமும் இதே கூத்துதான், ஆள் மட்டும் மாறும். பதினொரு மாதக் குழந்தை, சிட்டு என்று கூப்பிடுவார்கள், வாசற்படியில் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறும். வார விடுமுறைகூட இருவருக்கும் ஒத்து வராது.

சிட்டுக்கு எடை ஏறவில்லை. இதுதான் அந்த வீட்டின் கவலை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. எலி ஓட்டை போட்ட மாவுப் பையிலிருந்து தெரியாமல் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததில் பத்து நாள் வயிற்றுப்போக்கு. அது நின்றும் உடம்பு தேறவில்லை. "இந்த மாசக் கடைசிக்குள்ள எடை கூடலைன்னா, ஆஸ்பத்திரியில சேத்து மூக்கு வழியா குழாய்ல குடுக்க வேண்டியதுதான்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். அவன் நேரே இரும்புக் கடைக்குப் போய்ப் பொறி வாங்கி வந்தது அன்றைக்குத்தான்.

"எலி புத்திசாலி சார்" என்றார் கடைக்காரர். "ஒண்ணு மாட்டிச்சுன்னா மத்ததெல்லாம் பத்து நாளைக்கு அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்காது."

மனைவிக்கு எலி என்ற சொல்லே குமட்டல். முதல் நாளே சட்டம் போட்டாள்.

"இருக்கறது இருபது நிமிஷம். அதுல எலிப் பேச்சை எடுத்தீங்க, எலி விஷத்தை வாங்கி நானே சாப்பிட்டுடுவேன். யார் கண்ணுல படுதோ அவங்க எடுத்துப் போட்டுக் கழுவி வெச்சுடணும். எடுத்தவங்க சொல்லவும் வேண்டாம், மத்தவங்க கேக்கவும் வேண்டாம்."

"சரிங்க மேடம்" என்று இவனும் சல்யூட் அடித்தான்.

அன்றிலிருந்து அவன் கண்ணில் ஒரு எலிகூடப் படவில்லை. பொறி மட்டும் நாள் தவறாமல் கழுவியிருந்தது. குமட்டல் குமட்டல் என்று சொன்னவள் எப்படிச் செய்கிறாள் பார், பிள்ளை என்று வந்துவிட்டால் பெண்களுக்குத் தனித் தைரியம்தான் என்று பெருமைப்பட்டான். பரணில் கேட்ட பிராண்டல் குறைந்தது. அலமாரிக்குப் பின்னால் இருந்த மூத்திர நெடி குறைந்தது. மாட்டியதைப் பார்த்து மற்றவை பயந்து ஓடவில்லை, வரிசையில் நின்று மாட்டுகின்றன போலிருக்கிறது. கடைக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டான்.

அந்த வீடு ரயில் பெட்டி போல ஒரே நீளம். முன்னால் கூடம், நடுவில் ஒரு நடை, நடையின் இடப்பக்கம் கதவில்லாத சமையலறை, கடைசியில் படுக்கையறை. பகலில் தூங்குகிறவன் என்பதால் எல்லா ஜன்னலுக்கும் கறுப்புத் துணி அடித்து வைத்திருந்தான். காலை பதினொரு மணிக்கும் உள்ளே மங்கலாகத்தான் இருக்கும். சிட்டு கண்ணை மூடினால் அவனும் மூடுவான், அவள் விழித்தால் எழுந்துகொள்வான். தெருவில் காய் விற்கிறவன் குரல், எங்கோ ஒரு துணி துவைக்கிற சத்தம், குழந்தையின் மூச்சு, தன் சட்டையிலிருந்தே வருகிற ஈஸ்ட் வாசனை, இவற்றுக்கு நடுவே அவன் தூங்கியும் தூங்காமலும் கிடப்பான்.

அப்படிக் கிடந்த ஒரு மதியம் பொறி அடிக்கிற சத்தம் கேட்டது. டப். எழுந்திருக்க உடம்பு வரவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று புரண்டு படுத்தான். அரைத் தூக்கத்தில் குழாய்த் தண்ணீர் ஓடுகிற மாதிரி இருந்தது. மூன்று மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தால் பொறி பூட்டியபடி இருக்கிறது. ஈரம். வெளிர் நிறத்தில் இரை.

கனவு கண்டிருக்கிறோம் என்று முடிவு செய்தான். இரவு வேலைக்காரர்களுக்கு இது சகஜம். கூட வேலை செய்கிற ஒருவன் தூக்கத்திலேயே குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை போயிருக்கிறான். நாமே எழுந்து கழுவி வைத்துவிட்டு மறந்திருப்போம். ஆனாலும் அன்றைக்குப் பிறகு அவனுக்குச் சரியான தூக்கம் வரவில்லை. படுப்பான், எழுந்து உட்காருவான், நடைக்கு வந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான், திரும்பிப் போய்ப் படுப்பான்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது, அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சிட்டு அவன் கையால் சாப்பிடுவதில்லை. கஞ்சியை எடுத்துக்கொண்டு போனால் உதட்டை ஒட்டி வைத்துக்கொள்வாள். காக்கா காட்டினான், குரங்கு மாதிரி குதித்தான், கரண்டியைக் கப்பலாக்கினான், விமானமாக்கினான். ம்ஹூம். தட்டிவிடுவாள். அழவும் மாட்டாள். வயிறு நிறைந்த மனுஷி பந்தியில் உட்கார்ந்திருப்பதைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆறிய கஞ்சியைத் தொட்டியில் கொட்டிக் கிண்ணத்தைக் கழுவி வைப்பான். பெற்றவர்களுக்கும் ரோஷம் உண்டு, அதிலும் ஊட்டுகிற விஷயத்தில் கூடுதலாகவே உண்டு.

ஆனால் எடை ஏறியது.

மனைவியின் விடுமுறை நாளில் இருவரும் சேர்ந்து தூக்கிக்கொண்டு போனார்கள். தராசு முள்ளைப் பார்த்த டாக்டரம்மாவே ஒரு முறை குழந்தையை இறக்கி, மறுபடி வைத்துப் பார்த்தாள். "அடேங்கப்பா! குழாயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். யார் ஊட்டறீங்க?"

"இவங்கதான்" என்று இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் கை காட்டினார்கள். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமைதான். மனைவியும் சிரித்தாள், சிரித்துவிட்டு உடனே தலையைக் குனிந்து குழந்தையின் சட்டைப் பொத்தானைச் சரி செய்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் சிட்டு அவன் கன்னத்தோடு வாயை வைத்துத் தூங்கினாள். நனைந்த சாக்கு நாற்றம் அடித்தது. பல் முளைக்கிற நேரம், எச்சில் ஊறி நாறுகிறது என்று துடைத்துவிட்டான். கழுத்துத் துணியில் ஒரு சின்ன சாம்பல் நிற மயிர் ஒட்டியிருந்தது. அதையும் தட்டிவிட்டான்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். கூடத்தில் சார்ஜில் கிடந்த ஃபோன் அடித்தது. சிட்டு எழுந்துவிடப் போகிறாளே என்று ஓடி வந்து எடுத்தான். மனைவி. வண்டி ஓட்டும்போது ஃபோனைத் தொடவே மாட்டாள்.

"என்னாச்சு? வண்டி நின்னுடுச்சா?"

"பாலத்துல தண்ணி. டெர்மினஸ்லயே நிக்கறோம்." அவள் குரலைத் தணித்தாள். "ஏங்க, ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"சிட்டு என்கிட்ட சாப்பிடவே மாட்டேங்கறா. மூணு வாரமாச்சு. ஒரு வாய்கூட இறங்கல. நீங்க மட்டும் எப்படித்தான் ஊட்டறீங்களோ. டாக்டர் முன்னாடி வெக்கமாப் போச்சு, அதான் சொல்லல. பெத்தவ நான்…" அவள் குரல் உடைந்தது.

அவன் படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"ஏங்க? இருக்கீங்களா?"

"என்கிட்டயும் சாப்பிடறதில்லை" என்றான்.

"விளையாடாதீங்க."

"சத்தியமா. தினமும் தொட்டியிலதான் கொட்டறேன். நீ ஊட்டறேன்னு நெனச்சேன்."

மழை. அந்தப் பக்கம் யாரோ பேருந்துக் கதவைத் தட்டுகிற சத்தம். அவன் எலிப் பேச்சை எடுத்தான். சட்டத்தை மீறுகிறோம் என்று அந்த நேரத்திலும் தோன்றியது. "பொறியில இதுவரைக்கும் எத்தனை எலி எடுத்துப் போட்டிருப்பே?"

"நானா?" என்றாள். "நான் அந்தப் பொறியைத் தொட்டதே இல்லைங்க. தினமும் கழுவி வெக்கறது நீங்கதானே?"

அவன் மூச்சைக் கேட்டே அவளுக்குப் புரிந்துவிட்டது. எத்தனையோ சாலைச் சந்திப்புகளில் பெரிய வண்டியைத் திருப்பிப் பழகியவளின் குரல், ஏற்ற இறக்கமே இல்லாமல் வந்தது.

"குழந்தையைத் தூக்கிட்டு வெளியே வாங்க. எதையும் எடுக்காதீங்க. இப்பவே."

டப்.

சமையலறையில்தான். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால்.

அவன் அசையவில்லை. கீச் என்று ஒரு குரல் எழுந்து, பாதியில் நின்றது. பிறகு வில்லை இழுக்கிற சத்தம். நிதானமாக. பழகிய கையாக. பிறகு குழாய் திறந்தது. நூல் மாதிரி தண்ணீர் விழுகிற சத்தம். குழந்தை தூங்கும் வீட்டில் தண்ணீரை எப்படித் திறக்க வேண்டுமோ அப்படி.

குழந்தை அந்தப் பக்கம். வாசல் இந்தப் பக்கம். நடுவில் சமையலறை.

ஃபோனைத் தரையில் போட்டுவிட்டு நடைக்குள் நுழைந்தான். விளக்குச் சுவிட்ச் சமையலறையின் உள்சுவரில் இருந்தது. அதற்குக் கை நீட்டுகிற தெம்பு அவனுக்கு இல்லை. வலப்பக்கச் சுவரில் தோளை ஒட்டிக்கொண்டு, கண்ணை நேராக வைத்து, ஓரடி, இன்னோர் அடி. இடது காதுக்குப் பக்கத்தில் பலகையைத் தேய்க்கிற சத்தம். சரக். சரக். சோப்பு வாசனை. அதன் அடியில் ரத்த வாடை. தேய்ப்பது நிற்கவில்லை. அவன் போவது தெரிந்தும் நிற்கவில்லை. கடந்துவிட்டான்.

சிட்டு விழித்திருந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று குதித்தாள். அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே, நடையைப் பார்த்தாள். வாயைச் சப்புக்கொட்டினாள். "ம்ம், ம்ம்" என்றாள். பசிக்கிற குழந்தை. இத்தனை நாளும் இந்தச் சத்தத்தை அவன் கேட்டதே இல்லை.

"வா கண்ணு. அப்பாகிட்ட வா. போயிடலாம்."

இரண்டு கையாலும் வாரி எடுத்தான். கனத்தாள். திமிறினாள். நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு திரும்பினான்.

குழாய் நின்றது.

வீடு முழுக்க மழைச் சத்தம்தான். கூடத்தின் தரையில் ஃபோன் வெளிச்சம், ஓர் உள்ளங்கை அளவு. அதிலிருந்து மனைவியின் குரல் எறும்பு அளவுக்கு வந்தது. "ஏங்க. ஏங்க. வந்துட்டீங்களா?" பதினைந்து அடி. ஓடினால் நாலு எட்டு. கடவுளே, நாலே எட்டு.

ஓடினான்.

இரண்டாவது எட்டில் சிட்டு சிரித்தாள். கலகலவென்று. அவன் தோளுக்கு மேல் எக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலமாகத் திறந்தாள். அவன் கால் நின்றுவிட்டது. அவன் நிறுத்தவில்லை. நின்றுவிட்டது.

பின்னாலிருந்து, அவன் கழுத்தை உரசாமல், மிகக் கவனமாக ஒரு கை வந்தது.

நீளமான விரல்கள். சுத்தமான நகங்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்ததைப் போலச் சுருங்கி வெளுத்த தோல். விரல் நுனிகளில் மயிர் நீக்கி, எலும்பு நீக்கி, மென்று குழைத்த ஓர் உருண்டை. ஆவி பறந்தது. சூடு அதிகமோ என்று பார்ப்பதைப் போல, அவன் பிடரியில் ஈரமான ஒரு மூச்சு, ஃபூ, ஃபூ என்று இரண்டு முறை ஊதியது. பிறகு உருண்டை குழந்தையின் வாய்க்குள் போனது. சிட்டு மென்றாள். விழுங்கினாள். கட்டைவிரல் அவள் உதட்டோரத்தை அழுந்தாமல் துடைத்தது.

கை பின்னால் போனது.

"ஏங்க" என்றது தரையில் கிடந்த ஃபோன்.

கை திரும்பி வந்தது. இந்த முறை இன்னும் கொஞ்சம் பெரிய உருண்டை. அது குழந்தையைத் தாண்டி, அவன் தாடையைத் தாண்டி மேலே ஏறியது. அவன் மூடிய உதட்டுக்கு நேராக வந்து நின்று, அவன் வாயைத் திறக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்தது.