மூன்று தடவை கூப்பிட்டால்

குழந்தை தூங்கி அரைமணி நேரமாகியும் பக்கத்து அறையில் ஸ்பிரிங்கில் தொங்கும் துணித்தொட்டில் கிரீச்சிடுவது நிற்கவில்லை. மேலே சுற்றும் காற்றாடிதான் ஆட்டுகிறது என்று ஷர்மினி தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். செமோரில் மத்தியானத்திலிருந்து விடாத மழை. வீட்டின் பின்பக்கம் மிச்சமிருந்த நாலு ரப்பர் மரங்களும் மழைக்குள் மறைந்துவிட, மூடிய சன்னலையும் மீறி மரத்தில் உறைந்த ரப்பர் பாலின், ஒட்டுப்பாலின், அழுகல் நாற்றம் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. ரப்பர் தோட்டத்தை அழித்து இந்த வீடுகளைக் கட்டி இருபது வருடமாகிறது. பால் வெட்ட ஆளில்லாத இடத்தில் இப்போது ஒட்டுப்பால் ஏது?

கைப்பேசியில் சுரேன். கப்பல் வேலைக்குப் போன கணவன். பிறந்த மகளை இன்னும் பார்க்காதவன். கப்பலுக்கு வீடியோ அனுப்பினால் இறங்காது. வீட்டுக் கணினிக்குள் அவனே நுழைந்து மகளின் படங்களை எடுத்துக்கொள்ள, காலையிலிருந்து இருவரும் ரௌட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ரௌட்டர்ல போர்ட் திறந்தாச்சா?"

"எப்பவோ திறந்தாச்சுங்க. இன்னும் உங்கள உள்ள விடமாட்டேங்குதா?"

"இல்ல லா. திருப்பி ட்ரை பண்றேன். உன் பேருலதான் வருவேன், ஸ்கிரீன பாத்துக்க. பேருக்குப் பக்கத்துல நம்பர் 192ன்னு ஆரம்பிச்சா அது நம்ம வீட்டுக்குள்ள உள்ளது. வேற நம்பர்னா நான். அப்பவும் முடியலன்னா பாஸ்வேர்ட் கேக்குறத எடுத்து..."

லைன் அறுந்துவிட்டது.

கணினித் திரையில் ஒரு வரி வந்தது. 'ஷர்மினி. அனுமதி மறுக்கப்பட்டது.'

தன் பெயரையே யாரோ வாசலில் நின்று கூப்பிட்டதுபோல் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த அவளுடைய அம்மா நவமணி, மழை நேரத்தில் வெளியே யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று வாய் திறக்க விடமாட்டாள். "மூணாவது வாட்டி கூப்புட்டாத்தான் மனுசன். மத்ததுக்கு ரெண்டுக்கு மேல வராது" என்பாள்.

'ஷர்மினி.' இரண்டாவது தடவை.

நாற்றம் அறைக்குள் இன்னும் நெருங்கியிருந்தது. தொட்டில் சத்தம் கனத்து, மெதுவாகியிருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. பேய்க்கு எதற்கடி பாஸ்வேர்ட் என்று தன்னையே கிண்டல் செய்து பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

'ஷர்மினி.'

மூன்று. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. சுரேன்தான். பாவம், பிள்ளையைப் பார்க்கத் தவிக்கிறான். பாஸ்வேர்ட் கேட்கும் அமைப்பை எடுத்துவிட்டாள்.

"வாங்க" என்று வாய்விட்டே சொன்னாள்.

'இணைக்கப்பட்டது.'

கைப்பேசி அடித்தது.

"சாரிம்மா, இப்பதான் லைன் கெடைச்சுது. ட்ரை பண்ணட்டுமா?"

"மூணு வாட்டி வந்தீங்களே?"

"நானா? லைன் அறுந்ததுலேருந்து ஒரு தடவகூட பண்ணலயே."

அப்போதுதான் பெயருக்குப் பக்கத்திலிருந்த எண்ணைப் பார்த்தாள். 192. மூன்று வரியிலும் 192.

ஓடினாள். கதவு. கைப்பிடி வழுக்கியது. திறந்தாள்.

ஆறு கிலோ பிள்ளைக்கு இடுப்பு உயரத்தில் தொங்கும் தொட்டில் அது. இப்போது ஸ்பிரிங் முழுக்க இழுபட்டு, துணி தரையில் உரசிக்கொண்டிருந்தது. ஓர் ஆள் கனம். கிரீச். கிரீச். துணியின் அடியிலிருந்து வெள்ளையாக ரப்பர் பால் சொட்டியது. மகளின் சத்தமே இல்லை.

துணிக்குள்ளிருந்து, பொறுமையாக, நாலாவது தடவை கூப்பிட்டது.

"ஷர்மினி."