வியர்க்காத குதிரை

குதிரைக்கு வியர்க்கவில்லை.

பெலிக்ஸ் மூன்றாவது முறையாகத் தொட்டுப் பார்த்தான். மே மாதத்துக் காலை ஒன்பது மணிக்கே குன்றாண்டார்கோவில் பக்கத்துச் செம்மண் பாதை கொதித்தது. அவன் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது, தொடை சேணத்தில் உரசி எரிந்தது. அவனைச் சுமந்துகொண்டு பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் வந்த செவலைப் பெட்டையின் கழுத்து மட்டும் நிழலில் வைத்த மண்பானை போல உலர்ந்து சில்லென்று இருந்தது. ஈக்கள்கூட அதன் கண்ணோரம் உட்காரவில்லை. வெயிலில் ஓடும் குதிரைக்கு வியர்வை நின்றால் சுருண்டு விழும் என்பது அவனுக்குத் தெரியும். இது ஏற்கெனவே ஒரு தடவை விழுந்திருந்தது.

நாற்பது கிலோமீட்டர் போட்டி. ஒரே வட்டத்தை இரண்டு சுற்று வர வேண்டும். ரிப்பன் கட்டிய பாதை கண்மாயைச் சுற்றிப் போனது. முதல் சுற்றில் பெலிக்ஸ் ஆள் பார்க்காத இடத்தில் தைலமரக் காட்டுக்குள் குறுக்கே வெட்டியிருந்தான். அதில் மூன்று கிலோமீட்டர் குறையும். அங்கேதான் பெட்டை முன்னங்கால் மடங்கிச் சாய்ந்தது. உதைத்தான், எழவில்லை. அடிப்பதற்குக் கிளை ஒடிக்கத் திரும்பினான். ஒடித்துக்கொண்டு திரும்பியபோது புழுதிக்குள் அது நின்றுகொண்டிருந்தது.

எழுந்த சத்தம் கேட்கவில்லை. அவன் அதை யோசிக்கவில்லை. கிளையைப் போட்டுவிட்டு ஏறிக்கொண்டான். அம்மா கடிவாளத்தில் கட்டிவிட்டிருந்த மாதா மெடல் அறுந்து போயிருந்ததைக்கூட வெகுதூரம் வந்த பிறகுதான் கவனித்தான்.

குதிரை அக்கா புருஷன் பால்ராஜுடையது. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அவருடைய குதிரைப் பண்ணை பெலிக்ஸ் பொறுப்பு. வராவிட்டால் அவன் சென்னைக்குப் பஸ் ஏறி, சொல்லாமல் விட்டு வந்த இராத்திரி ஷிப்டுக்கே போய் நிற்க வேண்டும். காலையில் சேணப் பட்டையை இறுக்கும்போது பால்ராஜ் பத்துப் பேர் முன்னால் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாதியில விடுறதுதான் மாப்ள ஒனக்கு ஆகிவந்த வேலை. இதையாச்சும் முடிச்சிட்டு வா."

அதனால், முதல் சுற்று முடிவில் குதிரைகளைச் சோதிக்கும் கூடாரத்துக்கு நூறடி முன்னால், கைப்பம்பில் நிறுத்தி நாலு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றினான். நனைந்த தோலில் வியர்வை எது, தண்ணீர் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

கால்நடை டாக்டர் வித்யா ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"துடிப்பு முப்பத்தாறு. ஓடி வந்த குதிரைக்கு அறுபத்து நாலு இருந்தாலே விட்டுருவோம். இது கொட்டில்லயே நின்னது மாதிரி இருக்கு. வழியில எங்கயும் விழுந்துச்சாங்க?"

விழுந்தது என்றால் எங்கே என்பார்கள். எங்கே என்றால் குறுக்குவழி தெரிந்துவிடும்.

"இல்லைங்க டாக்டர்."

அவர் நனைந்த தன் கையை ஒரு கணம் முகர்ந்து பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்து, அடுத்த குதிரைக்குப் போய்விட்டார்.

இரண்டாவது சுற்றில் முன்னே இரண்டே பேர். குறுக்குவழி இனி வேண்டாம் என்று பெலிக்ஸ் முடிவு செய்திருந்தான். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தது. தைல இலையின் காரமான வாடை காற்றில்லாமலேயே வந்து மூக்கில் ஏறியது. சேணத்தின் கிறீச்சும் தன் மூச்சும்தான் அவனுக்குக் கேட்டன. வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது, அதன் மூச்சு கேட்கவில்லை என்று.

காட்டின் விளிம்பு வந்ததும் அது திரும்பியது.

கடிவாளத்தை இழுத்தான். கழுத்து வளையவில்லை. இறங்கப் பார்த்தான். தொடை சேணத்தை விட்டு எழவில்லை. அது ஓடவும் இல்லை. நடந்தது. வழி தெரிந்த நடை.

மரங்களுக்கு நடுவே வேறொரு வாடை.

பிறகு ஈக்களின் இரைச்சல்.

அவன் ஒடித்துப் போட்ட கிளை அங்கே கிடந்தது. இலை வாடியிருந்தது. பக்கத்தில் செவலைப் பெட்டை. வயிறு உப்பி. முன்னங்கால் மடங்கி. அதே சேணம். சேணத்துணியில் அதே போட்டி எண், பதினேழு. கடிவாளத்தில் மாதா மெடல், வெயிலில் மின்னியது.

அவனுக்குக் கீழே இருந்தது நின்றது. குனிந்தது. செத்ததை முகர்ந்தது.

"மாதாவே" என்றான்.

பிறகு அது முன்னங்காலை மடித்தது. மெதுவாக. கிடந்ததைப் பார்த்துப் பார்த்து, அதேபோல. இடப்பக்கமாகச் சாய்ந்தது. அவன் கால் அடியில் போனது. எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டது. வலிக்கவில்லை. சில்லென்று இருந்தது. தொடை வரைக்கும். இடுப்பு வரைக்கும்.

அது கழுத்தைத் தரையில் நீட்டிவைத்தது. கண்ணை மட்டும் மூடவில்லை. அவனையே பார்த்தது.

பெலிக்ஸ் தன் நெற்றியைத் தொட்டான்.

உலர்ந்திருந்தது.