நிலக்கரி மூடி

லோர்கன் வழக்கம்போல் மூடியைக் குதிகாலால் மூன்று முறை தட்டினான். கீழேயிருந்து மூன்று தட்டு திரும்பி வந்தது.

டப்ளின் சதுக்கம் ஒன்றில், சிவப்புக் கதவு வீட்டின் முன் நடைபாதையில் பதித்த வட்ட இரும்பு மூடி அது. முன்பெல்லாம் அதன் வழியாகத்தான் நிலவறைக்குள் நிலக்கரி கொட்டுவார்கள். நிலவறையைக் கான்கிரீட்டால் அடைத்து வெகுகாலம் ஆயிற்று. எழுத்தாளர்களின் வீடுகளைச் சுற்றிக்காட்டுவது லோர்கனின் பிழைப்பு. இந்த வீட்டில் எந்த எழுத்தாளரும் இருந்ததில்லை. கூட்டம் கொட்டாவி விட்ட ஒருநாள், எழுதும்போது சத்தம் கூடாதென்று மகளைக் கீழே பூட்டி, பிறகு திறக்க மறந்த ஒரு கவிஞரின் கதையை அவனே கட்டிவிட்டான். அன்றிலிருந்து கதைக்கு வாராவாரம் கைகால் முளைத்தது.

"நல்லாத்தான் ரீல் விடுறே தம்பி," என்று சிரித்தாள் சுற்றிப் பார்க்க வந்திருந்த கார்க் நகரத்து அம்மாள். "அந்தச் சத்தத்தை எப்படி வரவழைச்சே?"

அவன் மூடியிலிருந்து குதிகாலை மெல்ல எடுத்தான். பள்ளி விடுமுறை என்று கூட்டி வந்திருந்த ஆறு வயது மகள் நீவ் அவன் கையை இழுத்தாள்.

"அவ எப்பப்பா வெளிய வருவா?"

கூட்டம் காத்திருந்தது. வாய் பழக்கத்தில் ஓடிவிட்டது. "அவளுக்குப் பதிலா வேற பிள்ளை உள்ள போனா வந்துருவா, கண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்கு அப்போதே பட்டது.

நவம்பர் நான்கு மணி வெளிச்சம் மங்க, சதுக்கத்தின் நடுவே பூட்டிக் கிடந்த தோட்டத்தின் கம்பிகளுக்கிடையே மூடுபனி வழிந்து வந்து, ஈர இலை வாடையோடு கரிப்புகை வாடையையும் தெரு முழுக்கப் பரப்பியது. கரி எரிப்பதை இந்த ஊர் நிறுத்தி எத்தனையோ வருடம். பயம் வந்துவிட்டது அவனுக்கு. மகளின் கையை விட்டு, கழுத்துத் துண்டை இறுக்கிக்கொண்டான். சின்னக் கை மறுபடி வந்து அவன் கைக்குள் நுழைந்தது. வேகமாக நடந்தான்.

பத்தடி போயிருப்பான்.

"அப்பா."

பின்னாலிருந்து. தரைக்குள்ளிருந்து.

"அப்பா, இருட்டா இருக்குப்பா. திறப்பா."

நீவின் குரல்.

கார்க் அம்மாள் நின்றுவிட்டாள். அவள் பார்த்தது அவன் முகத்தை அல்ல. அவன் கையை.

உள்ளங்கையில் ஏதோ நறநறத்தது. குளிர்ந்த தூள். விரல்கள் மிக ஒல்லி. உதறினான். பிடி விடவில்லை.

மூடிக்கு அடியில் தட்டும் சத்தம். மூன்று. மறுபடி மூன்று.

தன் கையைப் பிடித்திருந்தவளை அவன் குனிந்து பார்த்தான். கரி படிந்த சின்ன முகம் அவனை அண்ணாந்து பார்த்துச் சிரித்தது.

"வீட்டுக்குப் போலாம்ப்பா."