நயினாதீவு போய் வந்த பாஸ்போர்ட்

"முதலாளி, என் வீட்டுக்காரியோட பாஸ்போர்ட்டக் காணோங்க. எடுத்தது யாருன்னும் தெரியும்," என்று சொல்லிக்கொண்டே தனுஜன் கடைக்குள் நுழைந்தான். மழையில் தொப்பலாக நனைந்திருந்தான்.

ஓப்பநாயக்க கடைவீதியில் பலசரக்குக் கடை வைப்பதற்கு முன், ஏழுமலை இரத்தினபுரி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஊரார் சொன்ன பொய்களை எல்லாம் தமிழிலிருந்து சிங்களத்துக்கும், சிங்களத்திலிருந்து தமிழுக்கும் மாற்றிக் கொடுத்தவருக்குப் பொய் எந்தப் பக்கமிருந்து வரும் என்பது அத்துப்படி. அதனால் எது காணாமல் போனாலும் ஜனம் முதலில் அவரிடம்தான் வரும். வாசலில் ஓட்டோ நிறுத்தியிருக்கும் ஜமால்தீனுக்கோ இந்த மாதிரி விஷயம் என்றால் சீனி சாப்பிட்ட மாதிரி. ஹயருக்கு வந்த ஆளைக்கூட விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"தெரியும்னா என்கிட்ட எதுக்கு வந்தீங்க?" என்றார் ஏழுமலை.

தனுஜன் தலையைக் குனிந்தான். "அவன் என் கூட்டாளிங்க. றம்ஸீன்."

அவன் மனைவி ஜீவராணி அடுத்த வாரம் குவைத்துக்கு வேலைக்குப் போகிறாள். போகுமுன் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டிவிடலாம் என்று, றம்ஸீனின் வேனில் இரண்டு குடும்பமும் நயினாதீவுக்குப் போய் வந்தார்கள். நாகபூஷணி அம்மன் பாதத்தில் பாஸ்போர்ட்டை வைத்து, குங்குமம் பூசி எடுத்தார்கள். திரும்பும் வழியில் ஆனையிறவில் ஒரு பை கல்லுப்பு வாங்கினார்கள்.

"உப்பு எதுக்கு?" என்று கேட்டார் ஏழுமலை.

"கால்ல ஏறி ரத்தம் குடிக்கிற அட்டைக்குப் போடத்தாங்க. இந்த மழைக்கு லயத்துல கால் வைக்க முடியல. இங்க கடைவீதிக்கு வந்து டீ குடிக்கிறப்பவும் பாஸ்போர்ட் கைப்பையில இருந்துச்சு, நானே பார்த்தேன். பையெல்லாம் மேட்டுல இருக்கிற எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தது றம்ஸீன்தான். காலையில பார்த்தா காணோம். அவன் பெஞ்சாதிதான் ஜீவராணி போகவே கூடாதுன்னு வழியெல்லாம் அழுதுச்சு. அதுக்காக எடுத்தியான்னு அவன்கிட்டயே கேட்டுட்டேங்க. போனவன் போனவன்தான்."

"சரி முதலாளி, கேஸ் முடிஞ்சுது!" என்றார் ஜமால்தீன். "சிநேகிதி போகக் கூடாதுன்னு பொண்டாட்டி அழுதா, புருஷன் எடுத்துட்டான்!"

"ஓட்டோவ எடுங்க," என்றார் ஏழுமலை.

தேயிலை மலைக்கு நடுவே வரிசை வீடுகளாக இருந்த லயத்தில் ஜீவராணி அவர்களை வரவேற்றாள். அழுது வீங்கிய கண். மகள் சுதர்சினி அவள் சேலையை விட்டு அங்குமிங்கும் நகரவில்லை. தாயைப் பிரியப்போகிற அந்தப் பிள்ளையைப் பார்க்க ஏழுமலைக்கு மனசு கனத்தது.

வாசற்படியில் ஏறும்போதே அவர் காலில் இரண்டு அட்டைகள். கதவோரம் ஒரு மண்சட்டி. மூடியில் குங்குமம் இருந்தது. பொட்டாக இல்லை, விரல் இழுபட்ட கோடாக இருந்தது.

"உப்புத்தானே, கொஞ்சம் எடுத்துக்கிறேன்," என்று குனிந்தார்.

"வேணாங்கய்யா! சவுக்காரம் தர்றேன்," என்று ஜீவராணி பின்கட்டுக்கு ஓடிப்போய் துணி துவைக்கிற சவுக்காரத்தில் ஒரு துண்டைக் கொண்டு வந்தாள். அவள் கணுக்காலிலும் அட்டைக் கடி. அதில் அடுப்புச் சாம்பல் அப்பியிருந்தது.

ஏழுமலை சவுக்காரத்தைத் தேய்த்துக்கொண்டே, "ஜமால்தீன், றம்ஸீனைக் குடும்பத்தோட கூட்டிட்டு வாங்க," என்றார்.

றம்ஸீன் வந்தான். பிள்ளைகள் அழுததால்தான் வந்தேன் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் கோபத்தை எல்லாம் பெரியவர்களிடம் விட்டுவிட்டு, ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டன.

"இந்தா பாருங்க," என்றார் ஏழுமலை. "றம்ஸீன் வேன்காரர். எடுக்கிற எண்ணம் இருந்தா வழியெல்லாம் சந்தர்ப்பம். எல்லாரும் பார்க்க பையைத் தூக்கிட்டு வர்றப்பவா எடுப்பார்? பாஸ்போர்ட் இந்த வீட்டுக்குள்ள வந்துச்சு. அப்புறம் வெளியில போகவே இல்ல." அவர் றம்ஸீனின் காலைக் காட்டினார். ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. "ஜீவராணி, நீங்க அண்ணனா நெனைக்கிற றம்ஸீன் நானா கால்ல அட்டை. உப்பு எடுத்துக் குடும்மா."

ஜீவராணி சட்டியைப் பார்த்தாள். பழி சுமந்து நின்ற றம்ஸீனைப் பார்த்தாள். பிறகு மூடியைத் திறந்து, கையை ஆழமாக விட்டு, குங்குமம் பூசிய பிளாஸ்டிக் உறையை உப்புக்குள்ளிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

"நான்தாங்க," என்று உடைந்து அழுதாள். "நானா மேல பழி போகும்னு நெனைக்கவே இல்ல. இப்பச் சொல்லுவோம், அப்புறம் சொல்லுவோம்னு இருந்தேன், வாய் வரல. மன்னிச்சிருங்க நானா."

"அல்லாஹ்வே!" என்றார் ஜமால்தீன். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க முதலாளி?"

"இத வேற ஊர்ல ஒளிச்சிருந்தா நான் தோத்திருப்பேன். அட்டைக் காலத்துல, வாசல்ல சட்டி நிறைய புது உப்ப வச்சிக்கிட்டு, வர்றவனுக்குச் சவுக்காரமும் தன் காலுக்குச் சாம்பலும் தேடுற வீடு நம்ம சபரகமுவ மாகாணத்துல எங்க இருக்கு? மூடியில குங்குமம் வேற." பிறகு ஜீவராணியிடம் தணிந்து கேட்டார். "ஏம்மா?"

"படகுல போறப்ப புள்ள கேட்டா, குவைத் இத விடத் தூரமான்னு. கரை கண்ணுக்குத் தெரியிற தூரம். அதுக்கே அவ என் கைய விடல. நல்லபடியா போகணும்னு கும்பிடத்தான் போனேன். சந்நிதியில, என்னைப் போக விடாதன்னு கும்பிட்டுட்டு வந்தேன்."

தனுஜன் திகைத்தான். "போறேன்னு நீதானே சொன்னே?"

"நீங்க வேணாம்னு சொல்லவே இல்லையே."

"தனி வீடு கட்டணும்னு உனக்கு ஆசை. நான் தடுத்தா நீ மனசு ஒடிஞ்சிருவேன்னு நெனைச்சேன். நீ போக வேணாம்." ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்தே இரண்டு பேரும் இத்தனை நாள் தனித்தனியாக அழுதிருக்கிறார்கள்.

தனுஜன் சட்டியிலிருந்து ஒரு பிடி உப்பை அள்ளி, றம்ஸீனின் காலடியில் உட்கார்ந்து, அட்டை மேல் வைத்து அழுத்தினான். தலை நிமிரவில்லை.

"மெதுவாடா, எரியுது," என்றான் றம்ஸீன். "எந்திரி. அட்டையே வெக்கப்பட்டு விழுந்திருச்சு."

ஏழுமலை குடையைத் தேடினார். சுதர்சினி அம்மாவின் சேலையை முதல் தடவையாக விட்டுவிட்டு, றம்ஸீன் அருகில் வந்தாள்.

"மாமா, இன்னொரு தடவ தீவுக்குப் போவோமா?"

"போவோம் மகள். எல்லாரும் போயிட்டு, எல்லாரும் திரும்பி வருவோம்."