அணைத்து வைத்த மானி

காலையில் பல் தேய்த்து முடிப்பதற்குள் சங்கரவடிவின் மணிக்கட்டில் எழுத்து ஓடிவிட்டது: ‘இன்று படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடி.’ சரி என்று சொல்லி வாய் கொப்பளித்தாள். தூத்துக்குடியில் கடல் சுவருக்கு உட்புறம் இருந்த அந்த அடுக்ககத்தில் எல்லா வீட்டிலும் அந்நேரம் அதுதான் நடக்கும். மணிக்கட்டில் கட்டியிருக்கும் அந்தக் கருவிக்கு முன்வருத்தமானி என்பது அரசாங்கம் வைத்த பெயர். வாய்க்கு நீளம் என்று ஜனங்கள் அதை மானி ஆக்கிவிட்டார்கள். பின்னாளில் நீ எதை நினைத்து வருந்தப்போகிறாய் என்று உன் நாடியிலும் பேச்சிலும் கணக்குப் பார்த்து, இன்றைக்கே செய்துவிட வேண்டிய சின்ன மாற்றம் ஒன்றைச் சொல்லும். காரணம் சொல்லாது. காலையில் ஒரு தரம்தான். தலைபோகிற அவசரமென்றால் மட்டும் நடுவில் அதிரும்.

அடுத்தவர் மானி என்ன சொன்னது என்று கேட்கக் கூடாது. புருஷன் பெண்டாட்டியானாலும் கூடாது. ஆள் குளிக்கும்போது கதவைத் திறப்பது மாதிரி அது.

அவள் அடுக்களைக்கு வந்தபோது புருஷன் ஆவுடையப்பன் காப்பி போட்டு வைத்திருந்தார். பால் பொங்கி வழிந்தாலும் அடுப்பை அணைக்கத் தெரியாத மனுஷன்.

“என்ன, அதிசயமா இருக்கு?”

“குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லு. சீனி கூடிப் போச்சோ என்னமோ.”

சீனி சரியாகத்தான் இருந்தது. அவளுக்குத்தான் இறங்கவில்லை. நேற்று அவள் தங்கச்சி கதையை நடுவில் வெட்டாமல் முழுசாகக் கேட்டார். போன வாரம் கேட்காமலே பூ வாங்கி வந்தார்.

எதிர்வீட்டு ரோசம்மாளுக்கும் இப்படித்தான் ஆனது. எட்டிப் பார்க்காத மூன்று பிள்ளைகளும் ஒரே வாரத்தில் வந்து இறங்கினார்கள். ஒருவன் கால் அமுக்கினான். “எல்லாப் பயலுவளுக்கும் மானி ஒண்ணு போலச் சொல்லிருக்கு வடிவு, நான் போவப்போறேன்” என்றாள் ரோசம்மாள். சொன்னபடியே மழைக்காலத்துக்கு முன் போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து அந்த அடுக்ககத்தில் யார் கனிவாகப் பேசினாலும் கேட்கிறவர்கள் நாள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

சாகப்போகிறவளுக்குப் பின்னாளில் வருந்த என்ன இருக்கிறது, தன் மானிதான் தினமும் ஏதோ சொல்கிறதே என்று சங்கரவடிவு தன்னைத் தேற்றிப் பார்த்தாள். ரோசம்மாள் மானியும் கடைசி நாள்வரை சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் ஆவுடையப்பன் தன் தட்டைக் கழுவினார். பிறகு அவள் தட்டையும் எடுத்தார். அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

“உங்க மானி என்ன சொல்லுது?”

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. “கேக்கக் கூடாததைக் கேக்குற.”

“நான் எப்பம் சாவேன்? அத மட்டும் சொல்லுங்க. இப்பமே டாக்டர்ட்டப் போவோம்.”

“கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?”

“கோட்டிக்காரிக்கு எதுக்குக் காப்பி போட்டுக் குடுத்தீய?”

எட்டி அவர் சட்டைக் கையை மேலே தள்ளினாள். மானி இருந்தது. எழுத்தும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

“அணைச்சு வச்சிருக்கேன்” என்றார். “அண்ணன் போனதுலருந்து.”

“எதுக்கு?”

“அவன் படுக்கையில கெடந்தப்பம் இது சொன்னதெல்லாம் செஞ்சேன்லா. போய்ப் பாருன்னுச்சு, போனேன். நகம் வெட்டி விடுன்னுச்சு, வெட்டுனேன். கடைசியில கையப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு கேட்டான். ‘ஏல ஆவுடை, நீயா வந்தியா, அது வரச் சொல்லிச்சா?’ன்னு.”

“நீங்க என்ன சொன்னீய?”

“என்னத்தச் சொல்ல? எனக்கே தெரியலையே.” குழாயை மூடினார். “நாளைக்கு நீ கேட்டா எங்கிட்ட பதில் இருக்கணும்லா.”

அவளுக்குக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் பயம் போகவில்லை.

“ரோசம்மா மவனும் ‘சும்மாத்தான் வந்தேம்மா’ன்னு இப்படித்தான் சொன்னான். ஆன் பண்ணுங்க. என்னப் பத்தி ஒண்ணும் சொல்லலேன்னா நிம்மதியா இருப்பேன்.”

“பண்ணுனா, அப்புறம் நான் ஒரு தம்ளர் தண்ணி குடுத்தாலும் அது குடுக்கச் சொன்னதாத்தான் நெனப்ப. பரவால்லியா?”

“உசுரு இருந்தாத்தானே நெனைக்கதுக்கு!”

அவர் ஈரக் கையை நீட்டினார். “அப்பம் நீயே அமுக்கு. நான் தடுக்கல.”

பொத்தான் துவரம்பருப்பு அளவுதான். அமுக்கினால் அன்றைக்கு உள்ளதை உடனே சொல்லிவிடும். அவள் கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள். விரலுக்கடியில் அவர் நாடி துடித்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போதும்.

அவள் மணிக்கட்டு அதிர்ந்தது.

குனிந்து பார்த்தாள். ‘கையை எடு.’

ஏன்? இவர் பொய் சொல்கிறாரா? சாகிற நாள் தெரிந்துபோனால் இருக்கிற நாளும் வீணாகுமா? இல்லை, இந்த மனுஷனை இழந்துவிடுவாளா? காரணம் வரவில்லை, வராது. அவளே எடுத்திருப்பாளோ என்னவோ. அதைத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை.

கையை எடுத்தாள்.

ஆவுடையப்பன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. அவர் கண் அவள் முகத்திலேயே இருந்தது, மணிக்கட்டுக்குப் போகவில்லை.

“எனக்குத் தெரியும்ட்டி” என்றார். குரல் உடைந்தது. “நீயா எடுத்துருவேன்னு எனக்குத் தெரியும்.”

சங்கரவடிவு முந்தானையை மணிக்கட்டின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். துணிக்குள் எழுத்து இன்னும் அணையவில்லை.

“ஆமா” என்றாள். “நானாத்தான் எடுத்தேன்.”